வைஃபை பாஸ்வேர்டு வைப்பது யார் வேலை?

முதலிலேயே ஒரு டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் பி.காம். படிக்கிறவன். பொட்டி தட்டுகிற ஆசாமி கிடையாது. பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வராது, அவ்வளவுதான் நமக்கும் எண்களுக்கும் உள்ள உறவு. அப்படியிருந்தும் இந்த விஷயத்தில் வாயைத் திறக்க ஒரு காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இது கம்ப்யூட்டர்காரர்கள் பிரச்சினை. உள்ளே போய்ப் பார்த்தால் பச்சையான காமர்ஸ் பிரச்சினை. லாபம் யாருக்குப் போகிறது, செலவை யார் மிச்சம் பிடிக்கிறார்கள், நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்கிற அதே பழைய கதை.

விஷயம் இதுதான். இன்றைக்கு வீட்டுக்கு வீடு வைஃபை. ஒரு கம்ப்யூட்டர், நாலு போன், ஒரு டிவி, சில வீடுகளில் வாசலைப் பார்க்கும் கேமரா, எல்லாம் ஒரே பெட்டியில் தொங்குகின்றன. இதில் ஏதாவது ஏடாகூடம் நடந்துவிட்டால் எல்லோர் வாயிலும் வரும் முதல் வசனம், "நீங்க பாஸ்வேர்டை மாத்தியிருக்கணும் சார்." கம்பெனிக்காரர் சொல்கிறார், போலீஸ் சொல்கிறது, பத்திரிகையில் டிப்ஸ் எழுதுகிறவர் சொல்கிறார், பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையனும் சொல்கிறான்.

இந்த வசனத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பாஸ்வேர்டை மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. கட்டாயம் மாற்ற வேண்டும், எப்படி என்று கடைசியில் நானே சொல்கிறேன். ஆனால் பூட்டே இல்லாத கதவை விற்றுவிட்டு, திருட்டுப் போனதும் "நீங்கள் பூட்டு வாங்கி மாட்டியிருக்க வேண்டாமா" என்று கேட்கிற வியாபாரியை நாம் சும்மா விடுவோமா? வைஃபை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவும் கால் நூற்றாண்டாக.

யார் பெயரில் பில் வருகிறதோ அவர்தான் மாட்டுவார்

"என்ன பெரிசா ஆயிடப் போகுது, பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டு படம் டவுன்லோடு பண்ணுவான், அவ்வளவுதானே" என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய சம்பவம்.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. 56 பேர் இறந்தார்கள். குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் ஈமெயில் போனது. போலீஸ் அந்த ஈமெயிலின் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டே போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. மனிதர் கம்ப்யூட்டரையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் விசாரித்தார்கள். கடைசியில் பார்த்தால் அவர் வீட்டு வைஃபை பாதுகாப்பில்லாமல் கிடந்திருக்கிறது. யாரோ அதில் நுழைந்து ஈமெயிலை அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே வருடம் செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு. அப்போதும் ஒரு ஈமெயில். அது போனது மும்பை செம்பூரில் இருந்த ஒரு கம்பெனியின் வைஃபை வழியாக.

ஐபி முகவரி என்பது குற்றவாளியின் முகவரி அல்ல, பில் கட்டுகிறவரின் முகவரி. வாசலில் வந்து நிற்கிற போலீஸ்காரருக்கு முதலில் தெரிவது உங்கள் பெயர் மட்டும்தான். நான் செய்யவில்லை என்று நிரூபித்து வெளியே வருவதற்குள் அக்கம்பக்கத்தில் மானம் போய்விடும்.

அப்புறம் நடந்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியம். 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் ஒரு திட்டத்தை அறிவித்தது. போலீஸ்காரர்கள் லேப்டாப்போடு தெருத் தெருவாகப் போய், பாஸ்வேர்டு இல்லாத வைஃபை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பார்கள். கவனியுங்கள், நோட்டீஸ் வீட்டுக்காரருக்கு. பாஸ்வேர்டு போடாமலே ஓடுகிற பெட்டியைத் தயாரித்தவருக்கும், அதை அப்படியே மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவருக்கும் இல்லை.

இருபது நிமிட வேலை

இப்போது காலம் மாறிவிட்டது, பாஸ்வேர்டு இல்லாத வைஃபை அரிது என்பீர்கள். உண்மைதான். ஆனால் என்ன பாஸ்வேர்டு?

திருநெல்வேலியில் என் சித்தி வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். டாலியில் பதிவு, மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன், அப்படி. கடைக்காரர்களின் பான் எண், வங்கிக் கணக்கு விவரம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது வரைக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. பைபர் இணைப்பு கொடுக்க வந்த தம்பி இருபது நிமிடத்தில் வேலையை முடித்தார். "அம்மா, உங்க போன் நம்பரையே பாஸ்வேர்டா வச்சிருக்கேன், மறக்காது பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று அவர் தலையில் கட்டியிருப்பார்கள்.

மூன்றாவது மாதத்திலிருந்து பிரச்சினை ஆரம்பித்தது. மாதம் பாதி தாண்டுவதற்குள் டேட்டா அளவு தீர்ந்து இணைய வேகம் படுத்துவிடும். ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாளில் ஜிஎஸ்டி தளம் திறக்காமல் சித்தி என் போனில் ஹாட்ஸ்பாட் வாங்கி உட்கார்ந்திருந்தார். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "உங்க வைஃபையை யார் யூஸ் பண்றாங்கன்னு நீங்கதான் மேடம் பாத்துக்கணும், அதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை" என்று பதில். ரூட்டருக்குள் போய்ப் பார்த்தோம். வீட்டில் இருப்பது நாலு சாதனம். பட்டியலில் இருந்தது பதினொன்று. ரூட்டருக்குள் எப்படிப் போனோம்? அதன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அச்சடித்திருந்தது: பயனர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். அந்த மாடல் அத்தனைக்கும் அதேதான். அந்த பதினொன்றில் யாராவது ஒருவருக்கு மனசு வந்திருந்தால் சித்திக்கு முன்னால் அவரே உள்ளே போயிருக்கலாம்.

சித்தியின் போன் நம்பர் எங்கே இருக்கிறது தெரியுமா? வீட்டு வாசலில் தொங்குகிற சின்ன போர்டில். "கணக்கு எழுதித் தரப்படும்" என்பதற்குக் கீழே :-)

ஒரு சின்னக் கணக்கு

வாசலில் போர்டு இல்லாவிட்டாலும் தப்பிக்க முடியாது. நம் நாட்டு மொபைல் எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 இந்த நாலில் ஒன்று. ஆக மொத்தம் சாத்தியமான எண்கள் அதிகபட்சம் 400 கோடி. பெரிய எண்ணாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் உங்கள் போன் வைஃபையில் சேரும்போது காற்றில் நடக்கிற அந்தச் சின்னப் பரிமாற்றத்தைத் தெருவில் நின்று ஒருவர் பதிவு செய்துகொண்டால் போதும். அதன்பின் உங்கள் வீட்டுப் பக்கமே வர வேண்டாம். தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பொருத்திப் பார்க்கலாம். கேம் விளையாட வாங்குகிற நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றால் நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பொருத்திப் பார்க்க முடிகிறது. 400 கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 4000 நொடி. ஒரு மணி ஏழு நிமிடம். ஒரு படத்தின் இடைவேளைக்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கை சித்தி போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா, மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் இணைப்பு கொடுக்கிற கம்பெனி போட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

"எங்கிட்ட திருட என்ன இருக்கு?"

இது நம் ஊரின் தேசிய கீதம் மாதிரி. "நான் என்ன அம்பானியா?"

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் சொன்ன சில பயங்கள் இன்று குறைந்துவிட்டன. வங்கித் தளங்கள், ஈமெயில், யுபிஐ செயலிகள் எல்லாம் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வைஃபையில் நுழைந்த உடனே உங்கள் பாஸ்புக்கைப் படித்துவிட முடியாது. அப்படிப் பயமுறுத்துகிறவர்கள் ஏதோ விற்க வந்தவர்கள்.

ஆனால் உங்களிடம் திருட இரண்டு சரக்கு இன்னும் இருக்கிறது. ஒன்று, வீட்டு நெட்வொர்க்குக்குள் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிற போல்டர்கள், பழைய கம்ப்யூட்டர், கேமரா. இரண்டாவது, உங்கள் இணைப்பேதான்.

2016-ல் மிராய் என்று ஒரு மால்வேர் வந்தது. அது பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. கம்பெனிகள் தயாரிக்கும்போதே வைத்து அனுப்புகிற பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு, உலகத்தில் உள்ள கேமராக்களையும் ரூட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. அந்த வருடம் அக்டோபர் 21-ம் தேதி அப்படிப்பட்ட சாதனங்களின் படை ஒன்று டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் திறக்கவில்லை. மிராயை எழுதியது யார்? 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூன்று பேருமே இருபது, இருபத்தொரு வயசுக்காரர்கள். என் வயசுப் பசங்க. அவர்களுக்கு உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்பதில் அக்கறையே இல்லை. உங்கள் பெட்டி ஒரு அடியாள், அவ்வளவுதான்.

2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொன்று வெளியே தெரியவந்தது. 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரூட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் புகுந்திருந்தது. அமெரிக்க எஃப்.பி.ஐ. என்ன சொன்னது தெரியுமா? எல்லோரும் ரூட்டரை ஒரு தரம் அணைத்துப் போடுங்கள் என்று. ஒரு நாட்டின் புலனாய்வுத் துறை பொதுமக்களிடம் ஸ்விட்சைத் தட்டச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு இந்தப் பெட்டிகளைக் கவனிக்க ஆளில்லை.

நம் ஊர் உதாரணமும் உண்டு. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் ஒரு மால்வேரால் படுத்தன. அடிபட்டவை ஆரம்பத்தில் வந்த பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள். தீர்வாக வந்த அறிவுரை என்ன? வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள வேண்டும்! அதே வசனம்தான்.

"மக்கள்தான் கத்துக்கணும்"

இது படித்தவர்களின் வாதம். "கார் வாங்கினா ஓட்டக் கத்துக்கறோம் இல்ல? கம்ப்யூட்டரும் அப்படித்தான்."

ஓட்டக் கற்றுக்கொள்கிறோம், சரி. பிரேக்கை நாமா செய்து மாட்டுகிறோம்? பிரேக் பிடிக்காத காரை விற்றுவிட்டு டிரைவிங் ஸ்கூலைக் கை காட்டினால் ஒத்துக்கொள்வோமா?

வைஃபையின் வரலாற்றைப் பாருங்கள். 1997-ல் வந்த முதல் தரத்தில் டபிள்யூ.இ.பி. என்று ஒரு பூட்டு இருந்தது. 2001-லேயே அதை உடைக்கும் வழியை ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தன. அப்புறமும் பல வருடம் பழைய பூட்டோடு பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய கடை நிறுவனம் அந்தப் பழைய பூட்டையே நம்பியிருந்தது. கடை வைஃபை வழியாகப் புகுந்தவர்கள் 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்களை அள்ளினார்கள் என்று 2007-ல் வெளியே வந்தது. சம்பளம் கொடுத்துக் கம்ப்யூட்டர் ஆட்களை வைத்திருந்த நிறுவனத்தின் கதியே அது. என் சித்தி கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

அடுத்தது டபிள்யூ.பி.எஸ். பாஸ்வேர்டு அடிக்கச் சிரமப்படுகிற மக்களுக்காக எட்டு இலக்க பின் நம்பர். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்றுதானே நினைப்போம்? கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண், ஆக ஒரு கோடி. அதையும் ரூட்டர் மொத்தமாகச் சரிபார்க்காமல், முதல் நாலு சரியா, அடுத்த மூன்று சரியா என்று இரண்டாகப் பிரித்து பதில் சொல்கிறது. அப்படியென்றால் 10,000 + 1,000. மொத்தமே பதினோராயிரம் முயற்சி. இந்த ஓட்டை 2011 டிசம்பரில் வெளியானது. பெட்டியை வாங்கினவர் எத்தனை கடினமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் இந்தக் கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடந்தது. பல ரூட்டர்களில் ஆரம்பத்திலேயே இயங்கும்படி வைத்து அனுப்பியிருந்தார்கள். இதில் மக்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இன்னொரு கூத்து. இணைப்புக் கம்பெனி கொடுக்கிற சில ரூட்டர்களில் முழு அட்மின் உரிமை வாடிக்கையாளருக்குக் கிடையாது. கம்பெனி ஆள் மட்டும் நுழைகிற தனிக் கணக்கு இருக்கும். பூட்டை மாற்று என்று நமக்கு உபதேசம், சாவிக்கொத்து அவர்கள் இடுப்பில்.

"விலை ஏறிடும்"

காமர்ஸ் நண்பர்கள் வைக்கிற வாதம் இது. பாதுகாப்புக்குச் செலவாகும், அது விலையில் ஏறும், கடைசியில் வாடிக்கையாளர்தான் கொடுக்க வேண்டும்.

செலவு இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். சித்தியின் வீணான நாட்களிலும், விசாரணைக்குப் போய் வந்தவரின் தூக்கத்திலும், தாக்கப்பட்ட தளத்தின் நஷ்டத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கம்பெனி தன் செலவை ஊரார் தலையில் தள்ளிவிட்டு மலிவாக விற்றால் அதற்குப் பெயர் மலிவு இல்லை. சாயப்பட்டறை ஆற்றில் கழிவை விட்டுத் துணியை மலிவாக விற்பது போல.

ஒரு ஆபத்தைக் குறைந்த செலவில் யாரால் தடுக்க முடியுமோ அவரிடம் பொறுப்பைக் கொடுப்பதுதான் சிக்கனம். லட்சம் பேருக்கு ரூட்டர் பாடம் நடத்துவது மலிவா, பாக்டரியில் ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு வேறு பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் அச்சடிப்பது மலிவா? சில கம்பெனிகள் ஏற்கெனவே அப்படிச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்கள் ஒன்றும் திவாலாகவில்லை.

சட்டமும் வந்துவிட்டது, வேறு நாடுகளில். கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல். பிரிட்டன் சட்டப்படி எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. எத்தனை காலம் வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். மீறினால் 1 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருமானத்தில் 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். அங்கே ரூட்டர் விற்பனை நின்றுவிடவில்லை.

நம் நாட்டிலும் ஒரு நூல் நுனி இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளுக்கான பொறுப்பு என்று ஒரு அத்தியாயமே வைத்திருக்கிறது. சரியாகப் பயன்படுத்துவதற்கான போதிய விளக்கமோ எச்சரிக்கையோ இல்லாமல் விற்றால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. படிக்கும்போது கை தட்டத் தோன்றும். ஆனால் "தீங்கு" என்பதன் விளக்கத்துக்குப் போனால், பொருளாதார இழப்பு அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. வைஃபை ஓட்டையால் நமக்கு வருவது பெரும்பாலும் அந்த இழப்புதான்! மிச்சமிருப்பது சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கிற வழி. தொலைத்தொடர்பு சேவை பற்றிய புகாரையும் நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எது குறைபாடு என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டாமா?

நான் கேட்பது மூன்றே மூன்று

ஒன்று, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. அட்மினுக்கும் சரி, வைஃபைக்கும் சரி.

இரண்டு, பிஸ்கட் பாக்கெட்டில் போடுகிற மாதிரி ரூட்டர் பெட்டியின் மேல் ஒரு தேதி: இந்த நாள் வரை அப்டேட் தருவோம். அந்தத் தேதியைப் பார்த்து வாங்கலாமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

மூன்று, இணைப்பு கொடுக்க வருகிறவர் கையெழுத்துப் போட்டுத் தரும் நாலு வரிச் சீட்டு. அட்மின் பாஸ்வேர்டு மாற்றியாயிற்று, டபிள்யூ.பி.எஸ். அணைத்தாயிற்று, வெளியிலிருந்து நுழையும் வசதி அணைத்தாயிற்று, அப்டேட் போட்டாயிற்று. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் கசிவு இருக்கிறதா என்று பார்த்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். எல்லோரும் பார்க்கிறார்களா என்பது வேறு கதை. ஆனால் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு அந்த உரிமைகூட இல்லை.

அதுவரைக்கும்?

சட்டம் வரும்வரை வீட்டைத் திறந்து போட்டுவிட்டு உட்கார முடியாது. யாராவது படித்தவர் வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்து உட்கார வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.

1. ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. முன்னது தெருக்கதவு, பின்னது பீரோ சாவி. பலர் முன்னதை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள்.

2. வைஃபை பாஸ்வேர்டுக்குப் போன் நம்பர், வண்டி நம்பர், பிள்ளை பெயரோடு 123 எல்லாம் வேண்டாம். சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முருங்கை, தபால்பெட்டி, ஒட்டகம், சாம்பிராணி மாதிரி. (தயவுசெய்து இதையே வைத்துவிடாதீர்கள்!) ஒரு தாளில் எழுதி பீரோவுக்குள் வைப்பதில் தப்பே இல்லை. தெருவில் நிற்கிறவன் பீரோவைத் திறக்க மாட்டான்.

3. பூட்டு வகை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 ஆக இருக்கட்டும். டபிள்யூ.பி.எஸ்.-ஐ அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதி இருந்தால் அதையும்.

4. விருந்தாளி நெட்வொர்க் என்று ஒன்று பெரும்பாலான ரூட்டர்களில் உண்டு. வந்து போகிறவர்கள், டிவி, கேமரா எல்லாம் அதில் இருக்கட்டும். கணக்கு இருக்கிற கம்ப்யூட்டர் மட்டும் முக்கிய நெட்வொர்க்கில்.

5. கம்ப்யூட்டரில் ஃபயர்வாலை அணைக்காதீர்கள். பகிர வேண்டாத போல்டர்களைப் பகிராதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது, அதில் ஓடுகிற கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள் அடுத்து என்ன செய்வது என்று யோசியுங்கள்.

6. ரூட்டருக்கும் அப்டேட் உண்டு. 2017-ல் டபிள்யூ.பி.ஏ.2-விலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள், அதை அடைத்தது அப்டேட்தான். பல வருடமாக அப்டேட்டே வராத பழைய பெட்டியை மாற்றிவிடுவது நல்லது.

7. முக்கியமான கோப்புகளுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு நகல். நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு வருவது அதற்கும் வரும்.

கொசுறாக ஒன்று. வைஃபை பெயரை மறைத்து வைப்பது, குறிப்பிட்ட சாதன எண்களை மட்டும் அனுமதிப்பது என்றெல்லாம் சொல்வார்கள். பெயரை மறைத்தாலும் உங்கள் போன் சேரும்போது அது காற்றில் போகத்தான் செய்கிறது. சாதன எண்ணும் அப்படியே தெரியும், காப்பியடிக்கலாம். வீட்டு நம்பர் பலகையைக் கழற்றிவிட்டால் திருடன் வரமாட்டான் என்று நம்புகிற மாதிரி. அந்த நேரத்தில் ஒன்றாம் எண் வேலையைச் செய்யுங்கள்.

இந்த ஏழையும் செய்துவிட்டு, "அப்பாடா, நம்ம கடமை முடிஞ்சது" என்று இருந்துவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். நாம் செய்தது நம் கடமை இல்லை. காசு வாங்கினவர் செய்யாமல் விட்டுப்போன வேலையை நாம் இலவசமாகச் செய்து முடித்திருக்கிறோம்.

அதனால் அடுத்த தடவை இணைப்பு கொடுக்க யாராவது வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். அட்மின் பாஸ்வேர்டு மாத்தியாச்சா? டபிள்யூ.பி.எஸ். அணைச்சாச்சா? இந்தப் பெட்டிக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்? முதல் இரண்டையும் அந்தத் தம்பி அங்கேயே செய்துகொடுத்துவிடுவார். மூன்றாவதுக்கு அவரிடம் பதில் இருக்காது. அவர் மேல் கோபப்படாதீர்கள். அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக் கம்பெனிக்கு அனுப்புங்கள். பத்து வீட்டிலிருந்து போனால் குப்பையில் போடுவார்கள். பத்தாயிரம் வீட்டிலிருந்து போனால் பதில் சொல்ல ஒரு ஆளைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.